பத்துக்கு மூன்று

எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி சாமிப் படங்களுக்குப் பக்கத்துப் பலகையில் இருந்தது. என் மனைவி காலையில் படங்களுக்குப் பூ வைத்துவிட்டு, அதே கையோடு பெட்டியையும் திருகிவிடுவாள். எழுபதுகளில் பினாங்கில் தமிழ் பேசிய வீடுகள் பலவற்றில் இப்படித்தான்.

அந்தக் காலத்து அறிவிப்பாளர்களை இன்றும் என்னால் குரல் குரலாகப் பிரித்துச் சொல்ல முடியும். காலையில் வந்தவர் மணி சொல்வதற்கு முன் ஒரு முறை செருமுவார். அந்தச் செருமலைக் கேட்டுத்தான் ஆசிரியரான நான் பள்ளிக்குப் போகச் சப்பாத்து மாட்டுவேன். ஒருநாள் அவருக்குத் தொண்டை நன்றாக இருந்துவிட்டது; நான் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். மதியத்தில் ஓர் அம்மையார் மரண அறிவித்தல் வாசிப்பார். இறந்தவரின் பெயருக்கு முன் ஒரு கணம் நிறுத்துவார். அந்தக் கணத்தில் தீவு முழுவதும் வாய்க்குப் போன சோறு பாதியில் நிற்கும். அடுத்த நிமிடமே அதே குரல் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும். அதுவும் பொருத்தமாகவே இருக்கும்.

இவர்கள் எல்லாரையும் மதித்தோம். ஆனால் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தவரைத்தான் 'நம்ம ஆளு' என்று சொன்னோம். தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டவர் அல்லர் அவர். இங்கேயே சுங்கை பினாங்குப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அவர் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பேசுவது போல இருக்கும். அவரைப் போல ஒருவர் வேறு எந்த ஊர் வானொலிக்கும் வாய்த்ததில்லை என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன்.

அவரைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று பதினாறு ஆண்டுகள் இந்த ஊர் நம்பியது. அவரும் நம்பினார். நான் நம்ப விட்டேன். அது உண்மை அன்று. உண்மை என்ன என்பதை ஒருமுறை அட்டையில் எழுதிவிட்டேன். ஆனால் அஞ்சலட்டையில் இடம் குறைவு. மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேயில் எழுத்தராக வந்தவர். அப்பாவும் எழுத்தர்தான். எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெருமைகள் உண்டு: ஆங்கிலம் எழுதத் தெரியும், தமிழ் சுத்தம். வீட்டில் யாராவது 'பாசாருக்குப் போகிறேன்' என்றால் அப்பா உடனே 'சந்தைக்கு' என்று திருத்துவார். வீதியில் வேறு யாருக்கும் அந்தச் சொல் தேவைப்படவில்லை என்பதை அவர் பொருட்படுத்தியதில்லை. நான் இடைநிலைப் பள்ளியில் ஆசிரியரானேன். மாணவர்களைப் பேச்சுப் போட்டிகளுக்குத் தயார் செய்தேன். அவர்கள் பரிசுகளோடு திரும்பினார்கள். அதனால்தான் எழுபதுகளின் நடுவில் வானொலி நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளர் ஒருவரை எடுக்க நினைத்தபோது, மொழிக்கு மதிப்பெண் போட என்னை வெளியிலிருந்து அழைத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அந்தத் தேர்வு நடந்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளரும் நானும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் உள்ள அறையில் இசைத்தட்டுகளைக் காப்பவர் இருந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்த தமிழ் முஸ்லிம் அவர். தட்டுகளை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து, ஊசியை வைப்பது அவர் வேலை. மதிப்பெண் போடும் உரிமை அவருக்கு இல்லை. குரல்களை ஒலிவாங்கி வழியாகக் கேட்டு, அளவைச் சரிசெய்யத்தான் இருந்தார்.

ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பழைய மாணவர், வங்கியில் வேலை. கடைசியாக வந்தவர் காக்கி உடையில் இருந்தார். பஸ் கண்டக்டர். தேர்வு முடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டுமாம். டிக்கெட்டுப் பையை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் உள்ளே வந்தபோதே என் மனத்தில் பாதி மதிப்பெண் போய்விட்டது. இதை மறைக்காமல் சொல்லத்தான் இந்த வயதில் பேனாவை எடுத்திருக்கிறேன்.

முதலில் செய்தி வாசிக்கச் சொன்னோம். ஓர் அமைச்சரின் உரையை அவர் பேருந்து நிறுத்தங்களைக் கூப்பிடுவது போல வாசித்தார். நான் பொறுப்பாளரைப் பார்த்துச் சிரித்தேன். அடுத்து ஒரு பாட்டை அறிமுகம் செய்தார், அது பரவாயில்லை. மூன்றாவது சோதனை இசைத்தட்டுக்காரர் யோசனை செய்து வைத்தது. சில நேரம் தட்டு கீறியிருக்கும், ஊசி மாற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை அறிவிப்பாளர் பேசி நிரப்ப வேண்டும். மற்ற ஐந்து பேரும் திருக்குறள் சொன்னார்கள், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டார்கள். கண்டக்டர் ஒலிவாங்கியைப் பார்த்து, அதில் யாரோ தெரிந்தவர் நிற்பது போலப் பேசத் தொடங்கினார்.

"பாட்டு கொஞ்சம் லேட்டாகுது லா. தட்ட தொடைக்கிறாங்க போல. அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் உள்ள வரும்போது பார்த்தேன், மலைப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. கொடியில துணி போட்டவங்க எடுத்துடுங்க. ஆயர் ஈத்தாம் அக்காங்க இப்பவே ஓடுங்க. ஜெலுத்தோங்ல இருக்கிறவங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பாசாருக்குப் போனவங்க அங்கயே நில்லுங்க, ஒரு காப்பி குடிங்க. இந்தா, பாட்டு வந்திருச்சு. உள்ள தள்ளி நில்லுங்க, வழியில நிக்காதீங்க."

அவர் டிக்கெட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடியதும் நான் பத்துக்கு மூன்று போட்டேன். கீழே சிவப்பு மையில், 'கொச்சை. வானொலிக்கு உகந்தவர் அல்லர்' என்று எழுதினேன். என் பழைய மாணவருக்கு எட்டு.

அப்போது கண்ணாடி அறையின் கதவு திறந்தது. இசைத்தட்டுக்காரர் துடைக்கும் துணியைக் கையில் பிடித்தபடியே எங்கள் மேசைக்கு வந்தார்.

"வாத்தியாரே, கண்ண மூடிக்கிட்டுக் கேட்டீங்களா?" என்றார்.

எதற்கு மூட வேண்டும் என்று கேட்டேன்.

"மத்த அஞ்சு பேரு குரலும் கண்ணாடி வரைக்கும் வந்திச்சு. இந்த ஆளு உள்ள வந்து என் பக்கத்துல உக்காந்துட்டாரு."

இது வானொலி, பஸ் அல்ல என்று நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "பஸ்ல ஏறுற சனந்தானே சார் ரேடியோவும் கேக்குது" என்றார். பிறகு பொறுப்பாளரிடம் திரும்பி, வியாழக்கிழமை அரை மணி நேரம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், பக்கத்தில் நான் இருப்பேன், தவறு வந்தால் அறிக்கையில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பொறுப்பாளர் நாள்காட்டியைப் புரட்டினார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். என் மதிப்பெண் தாள் கோப்புக்குள் போனது. அதற்குப் பிறகு அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை கொண்டுவரவில்லை. வாசலில் அரை மணி நேரம் நின்றேன். மழை வரும் என்று ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து சொல்லி, நான் அதற்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தேன்.

ஒரு மாதம் ஒரு வருடமாயிற்று. வியாழன் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் ஒரு மணி நேரமாயிற்று. அவர் கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு நிலையத்துக்கே வந்துவிட்டார்.

அவர் செய்ததை எப்படி விளக்குவது? விரும்பிக் கேட்ட பாடல்களுக்கு அட்டைகள் வரும். ஓர் அட்டையில் இருபது பெயர்கள் இருக்கும்: அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, சித்தப்பா, கைக்குழந்தை. மற்றவர்கள் நாலு பெயரைச் சொல்லி 'மற்றும் குடும்பத்தினர்' என்று முடிப்பார்கள். இவர் இருபதையும் வாசிப்பார். ஒரு தடவை நாயின் பெயரையும் எழுதியிருந்தார்கள், அதையும் விடவில்லை. ஊர்ப் பெயர்களை நிறுத்தங்களாகவே சொல்வார். "அடுத்தது சிம்பாங் அம்பாட். இறங்குறவங்க இறங்குங்க" என்று சொல்லிவிட்டு அங்கிருந்து வந்த அட்டையை எடுப்பார். சிம்பாங் அம்பாட்டில் ஒரு வீட்டில் அன்று மாலை வரை அதே பேச்சாக இருக்கும். பாயான் லெப்பாசில் புதிதாக வந்த தொழிற்சாலைகளுக்குப் போன பெண்கள், வேலைமுறை மாறும் நேரத்தில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே சீருடை மாற்றுவார்களாம். என் மாணவிகளின் அக்காமார் சொல்லித் தெரியும்.

மழை விஷயத்தை அவர் விடவே இல்லை. நிலையத்துக்குள் நுழையும் முன் வெளிக்கதவருகே நின்று மலையைப் பார்ப்பார். மலையுச்சி தெரியாவிட்டால் அன்று நிகழ்ச்சியின் நடுவில், "கொடியில துணி போட்டவங்க எடுத்துடுங்க" என்பார். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்புறம் ஓடுவாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டுப் பின்கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும் சத்தம் கேட்கும். ஆங்கிலச் செய்தியில் வரும் வானிலை அறிக்கைக்கு எங்கள் வரிசையில் ஒரு கதவும் திறந்ததில்லை.

பொய் ஆசிரியர் அறையில் தொடங்கியது. உடன் வேலை செய்த ஒருவர், "அந்தத் தேர்வுல நீங்கதானே சார் இருந்தீங்க? எங்கேருந்து புடிச்சீங்க அந்த ஆள?" என்று கேட்டார். ஆமாம், இருந்தேன் என்றேன். அதுவரை உண்மை. பிறகு, நல்ல குரலைக் கேட்டால் தெரியாதா என்று சேர்த்துக்கொண்டேன். அவர் மெச்சிய பார்வை எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அதை வேறு ஒருவரிடம் நானே ஆரம்பித்துச் சொன்னேன். சில மாதங்களில் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு முன்வரிசை கிடைத்தது. அறிவிப்பாளரைக் கண்டெடுத்த வாத்தியார் என்றால் கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்தது.

எங்கள் பள்ளித் தீபாவளி விருந்துக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். அத்தனை பேர் முன்னால் குனிந்து என் காலைத் தொட்டார்.

"சார், அன்னிக்கு நீங்க மட்டும் சரின்னு சொல்லாட்டி நான் இன்னும் டிக்கெட்டுதான் கிழிச்சிக்கிட்டு இருப்பேன்."

ஒரு வாக்கியம் போதும். 'நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.' என் வாயில் அது வரவில்லை. "நல்லாயிருங்கோ" என்றேன். ஆசீர்வாதம் போலச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசிய வார்த்தைகளில் மிகவும் வெட்கப்படுவது அதற்குத்தான்.

அந்த ஆண்டிலிருந்து, அவருடைய முதல் ஒலிபரப்பு நடந்த வாரத்து வியாழக்கிழமையில் கடைசிப் பாட்டு எனக்கு. "படிச்ச மனுஷர் ஒருத்தர், காக்கிச் சட்டையோட வந்தவன சரின்னு சொன்னாரு. என்னைத் தேர்ந்தெடுத்த ஆசிரியருக்கு இந்தப் பாட்டு" என்பார். மனைவி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பாள். நான் ஒலிநாடாவில் பதிவு செய்வேன். ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் வானொலிக்கு வந்த ஐந்தாவது ஆண்டு என்று நினைவு. இலக்கியப் பேச்சு ஒன்றைப் பதிவு செய்ய நிலையத்துக்குப் போயிருந்தேன். அது அந்த வியாழக்கிழமை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நாளைக் கேட்டு வாங்கினேன். என் பதிவு முடிந்ததும் நடைவழியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறிவிப்பாளர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என்னைப் பற்றிய அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, இசைத்தட்டுக்காரர் எனக்கான தட்டை உறையிலிருந்து எடுத்தார். இரு பக்கமும் துடைத்தார். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். ஊசியை வைத்தார். நிமிர்ந்தபோது என்னைக் கண்டார். தலையசைத்துச் சிரித்தார்.

ஆண்டுதோறும் தனக்குச் சேர வேண்டிய நன்றியை அவர் துடைத்து, சுத்தம் செய்து, எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நான் அதைத் தேநீரோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்து வெளியே வந்த இசைத்தட்டுக்காரரை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் வழக்கமாகப் போகும் நாசி கண்டார் கடைக்கு, பள்ளிவாசல் சாலைக்குக் கூட்டிப்போனார். சோற்றின் மேல் குழம்பு ஊற்றி வந்ததும் அவரே ஆரம்பித்தார். "என்ன வாத்தியாரே, இந்த வருஷப் பாட்டு எப்படி? போன வருஷப் பாட்டு கொஞ்சம் அழுகையா போச்சு."

ஏன் அறிவிப்பாளரிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் கறியைப் பிய்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"சொல்லிட்டா அவன் குரல் போயிடும் சார். படிச்சவரு ஒருத்தரு நம்ம பேச்ச சரின்னு ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சுத்தான் அவன் அவ்வளவு தைரியமா பேசுறான். நான் சரின்னு சொன்னா அதுல என்ன இருக்கு? நான் தட்டு தொடைக்கிறவன்."

உங்களுக்கு வருத்தம் இல்லையா என்றேன்.

"நான்தான் தெனம் முதல் ஆளா கேக்குறேனே" என்றார்.

அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. அவருடைய பெருந்தன்மையை நான் ஓர் உத்தரவு போல எடுத்துக்கொண்டேன். சொன்னால் அறிவிப்பாளருக்குக் கெடுதல், ஆகவே சொல்லாமல் இருப்பதே நன்மை என்று எனக்கே பாடம் நடத்தினேன். பதினொரு ஆண்டுகள் அதன் பின்னால் ஒளிந்திருந்தேன். பாட்டுகள் வந்தன. ஒலிநாடாக்கள் சேர்ந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் இரண்டு மணி நிகழ்ச்சியில் அவர் சொன்னார்: அடுத்த வியாழக்கிழமையோடு நம் தட்டு அண்ணன் ஓய்வு பெறுகிறார், வாழ்த்து அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் இருக்கிறார் என்பதை அவர் அடிக்கடி சொல்வார். அதனால் 'தட்டு அண்ணன்' என்றால் ஊருக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதரின் குரலை யாரும் கேட்டதில்லை.

நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்தேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளிடம் முழுவதையும் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"நீங்கள் அவருக்கு எத்தினை போட்டனீங்கள்?"

"மூண்டு."

"பத்துக்கு மூண்டோ?"

அவள் அரிசியை உலையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அப்ப, வருசா வருசம் உங்களுக்குப் பாட்டுப் போட்டது அந்த மனிசனோ?" என்றாள். ஆமாம் என்றேன். எத்தனை பேருக்கு நான் தேத்தண்ணி ஊத்தியிருப்பன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

நான் அதுவரை வானொலிக்கு ஓர் அட்டைகூட எழுதியதில்லை. பாட்டுக் கேட்டு அட்டை போடுவது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தவன். மூன்று அட்டைகளைக் கிழித்துப்போட்டு நான்காவதில் எழுதினேன். தேர்வு நாளில் நான் உங்களுக்குப் பத்துக்கு மூன்று போட்டேன். கொச்சை என்று எழுதினேன். உங்களை உள்ளே விட்டவர் உங்கள் எதிரே கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறார். தவறு வந்தால் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர். பதினாறு ஆண்டுகளாக அவருடைய நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். என் மதிப்பெண்தான் தவறு. உங்கள் பேச்சில் தவறில்லை. இதை வாசிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அவருக்கு ஒரு பாட்டுப் போடுங்கள்.

அஞ்சலில் போட்டால் மனம் மாறிவிடும் என்று நானே கொண்டுபோய் நிலையத்துக் காவலாளியிடம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பெட்டியின் முன் உட்கார்ந்தோம். வாழ்த்து அட்டைகள் நிறைய வந்திருந்தன. கூலிமிலிருந்து, பட்டர்வொர்த்திலிருந்து, சிம்பாங் அம்பாட்டிலிருந்து. எல்லாப் பெயர்களையும் வாசித்தார். இரண்டரைக்கு மேல், "அடுத்தது, நம்ம ஆசிரியர் எழுதியிருக்காரு" என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. அட்டையை அவர் முன்கூட்டிப் படித்திருக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாசிக்கத் தொடங்கினார். இருபது பெயர்களில் ஒன்றையும் விடாதவர் என் அட்டையில் ஒரு வார்த்தையையும் விடவில்லை. 'கொச்சை' என்ற இடத்தில் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். முடித்த பின் பெட்டியில் சத்தம் இல்லை. அவர் நிகழ்ச்சியில் நான் மௌனத்தைக் கேட்டது அந்த ஒருமுறைதான். மனைவி என் கையைப் பிடிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் பேசினார். "சார், மூணு மார்க்குக்கு ரொம்ப நன்றி. அந்த நியூஸ வாசிச்ச லட்சணத்துக்கு நான் ரெண்டுதான் எதிர்பார்த்தேன் லா."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தது கேட்டது.

"அண்ணே," என்றார் அடுத்து. "இங்க வாங்க. மைக்குக்கு வாங்க. பதினாறு வருஷமா எதுக்க உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலயே. இப்பவாவது ஏதாவது சொல்லுங்க."

கதவு திறக்கும் சத்தம். காலடிச் சத்தம். பிறகு, ஊர் கேட்டிராத அந்தக் குரல், ஒலிவாங்கிக்குச் சற்றுத் தள்ளி நின்று சொன்னது:

"தட்டு சுத்துது. பேச்ச முடி."

பாட்டு வந்தது.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் இசைத்தட்டுக்காரர் அஞ்சியது நடந்தது. அடுத்த நாளிலிருந்து இரண்டு மணிக்காரர் பேச்சு மாறியது. சொற்களை ஒவ்வொன்றாக வைத்தார். வாக்கியக் கடைசியில் வரும் எங்கள் ஊர் 'லா' போயிற்று. நிறுத்தங்கள் போயின. மூன்றாவது நிகழ்ச்சியில், 'சந்தைக்குச் செல்வோர்' என்றார். என் அப்பாவின் சொல் அவர் வாயில் வந்ததைக் கேட்டு நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மலை கறுத்த நாள்களிலும் துணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் கொடிகள் இரண்டு தடவை நனைந்தன.

நான் பள்ளிவாசல் சாலைக்குப் போய் ஓய்வு பெற்றவரைத் தேடிப் பிடித்தேன். கடை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெடுத்துட்டீங்களே வாத்தியாரே" என்றார். கண்ணில் சிரிப்பு இல்லை. என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும். "சரி, விடுங்க. எத்தன நாளைக்கு அவன் வாய மூடிக்கிட்டு இருப்பான்? மலைய முழுசா மூடிக்கிட்டு வர்ற ஒரு மழ வரட்டும். அவனால சொல்லாம இருக்க முடியாது."

அடுத்த ஆண்டு அந்த வாரத்துக் கடைசிப் பாட்டு, 'என்னை உள்ள விட்ட அண்ணனுக்கு' என்று போயிற்று. அதையும் பதிவு செய்தேன். பழைய ஒலிநாடாக்களை எறிந்துவிட்டு அதை மட்டும் வைத்திருக்கிறேன். அறிவிப்பாளர் வழியில் கண்டால் 'சார்' என்று நின்று பேசுவார். காலைத் தொடுவதில்லை. அதுவே சரி.

ஆனால் நான் பெருமையோடு நினைக்கும் நாள் வேறு. அட்டை வாசித்த பன்னிரண்டாம் நாள் அது. பிற்பகல் இரண்டே கால் இருக்கும். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டின் பெயரை ஒழுங்கான தமிழில் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஐயோ, இருங்க லா. வரும்போது பார்த்தேன், மலையே காணோம். கொடியில துணி போட்டவங்க எடுத்துடுங்க. பாசாருக்குப் போனவங்க அங்கயே நில்லுங்க. ஆயர் ஈத்தாம் அக்காங்களா, ஓடுங்க."

எங்கள் வரிசையில் பின்கதவுகள் திறந்தன. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். அதுவரை அந்த வேலைக்கு நான் போனதில்லை. அன்று அவளுக்கு முன்னால் போனேன். வேட்டிகளையும் பாவாடைகளையும் கொடியிலிருந்து வாரி எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா, "வாத்தியாரையும் ஓட வச்சிட்டாரு பார்" என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

அன்று மழை வரவே இல்லை. மேகம் அப்படியே கடலுக்குப் போய்விட்டது. துணிகள் பாதி ஈரத்தோடு நாற்காலிகள் மேல் கிடந்தன. இரவு சாப்பாட்டுக்கு உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.